முப்பத்திரண்டு எழுத்துக்குள் ஒரு நகரம்

செவ்வாயின் தென்பாதியில் புழுதிப்பருவம் தொடங்கியதும் ஊரில் பாதிப்பேர் இறந்துவிடுவது வழக்கம். அதற்கு அழுகையோ சடங்கோ கிடையாது. குறித்த நாளில், முறை வந்தவர்கள் பல் துலக்கி, வயிற்றைக் காலியாக்கி, வீட்டுச் சாவியை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு நிலவறையில் வரிசையாக நிற்பார்கள். அங்கே குருதியை வடித்து உறைநீர் ஏற்றுவார்கள். நெஞ்சு நிற்கும். உடலைப் பையிலிட்டு, எண் கட்டி, கொக்கியில் தொங்கவிடுவார்கள். வழியனுப்ப வந்த மனைவி, "ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, போன தடவை ஊறி நாறிப் போச்சு" என்பாள். பதினொரு மாதம் கழித்துப் புழுதி அடங்கி, வெயில் தகடுகளில் மறுபடி ஒளி விழும் நாளில் அத்தனை பேரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள். பருவகாலத்தில் உண்டாகும் உயிர்க்காற்று ஊரில் பாதிக்கே போதும் என்பதால் முன்னோர் கண்ட ஏற்பாடு இது. உறைதுயில் என்பது அதன் பெயர்.

எழுப்புவது மனிதர் கைவேலையன்று. எவர் உடலை எந்த வேகத்தில் வெதுப்புவது, எவர் நெஞ்சை எந்தக் கணத்தில் தட்டுவது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த உடற்குறிப்புகளை ஊர்நெஞ்சம் என்னும் பேரியந்திரம் அறியும். ஊர்நெஞ்சமும் அவற்றைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. உள்ளங்கை அகலமுள்ள எட்டுக் கண்ணாடி நினைவேடுகளில் அவை பிரித்து எழுதப்பட்டிருந்தன. ஓர் ஏடு உடைந்தாலும் மற்ற ஏழும் கூடி, அதில் இருந்ததைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். இந்த எட்டின் கூட்டுக்கு ஏட்டணி என்று பெயர். இப்படிப்பட்ட அணி இருக்கும்போது தனிப்படி எதற்கு என்று எவரும் படியெடுத்து வைக்கவில்லை. இது அவர்களுடைய முதல் மடமை. மற்றவற்றைப் பார்க்கையில் இது சிறியது.

ஊர்நெஞ்சம் ஆண்டில் ஒரே ஒருமுறை கண்மூடும். எழுச்சிநாள் காலையில் அதை நிறுத்தி, புழுதி துடைத்து, மறுபடி எழுப்புவார்கள். எழும்போது அதற்கு ஒன்றும் நினைவிராது. தன் நெற்றியில் எழுதியுள்ள ஊர்ப்பெயரை வாசிக்கும். பிறகு ஒவ்வோர் ஏட்டையும் தொட்டு, அதன் தலைக்குறியில் உள்ள பெயரை வாசிக்கும். இரண்டும் ஒன்றானால் தன்னுடையது என்று அணியில் சேர்க்கும். வேறானால், அயலார் கிடங்கு, எண் நூற்றிருபத்தேழு என்னும் மூலையில் ஒதுக்கிவிட்டு அதன் பக்கம் திரும்பாது. முற்காலத்தில் இரண்டு ஊர்களின் ஏடுகள் மாறிப்போய், ஒருவர் குறிப்பால் இன்னொருவரை வெதுப்பிப் பலரைக் கொன்றதற்குப் பின் வைத்த காவல் அது. பிறர்பொருளைத் தொடாத அறத்தை மனிதர்கள் கற்றது குறைவு. அவர்கள் படைத்த இயந்திரம் பிழையறக் கற்றிருந்தது.

அந்த ஊரின் பெயர் செம்மணற்குடி. அதாவது, சென்ற பருவம்வரை அப்படி இருந்தது.

சபைத் தலைவர் கடம்பவேலரின் ஆட்சியில் ஓராண்டு புழுதி ஐந்து நாள் முன்னதாக அடங்கிற்று. அன்றுமுதல் அவர் செம்புழுதி வென்ற பெருந்தகை ஆனார். சரக்குக் கலத்தில் ஏறி வான்கிடங்குவரை போய், வழியெல்லாம் வாந்தியெடுத்துத் திரும்பினார். வானளந்த வள்ளல் ஆனார். மூன்றடியால் உலகளந்த பெருமானைப் பாடிப் பாடிப் பண்பட்ட மொழி, இதற்கும் வளைந்து கொடுத்தது. யாரோ காற்றுவடிகட்டியை மாற்றினார்கள்; அவர் உயிர்க்காற்றின் தாய் ஆனார். பழைய மன்னர்களும் கல்லில் மெய்க்கீர்த்தி வெட்டிக்கொண்டவர்களே. ஆனால் அவர்கள் அதற்கு முன்பு ஏரியாவது வெட்டினார்கள்.

அவர் உறைதுயிலுக்குப் போகும் முறை வந்தபோது, எழுந்து வரும் பெருமகனுக்குப் பரிசாக ஊரின் பெயரையே மாற்றுவது என்று சபை தீர்மானித்தது. செம்புழுதி வென்ற பெருந்தகை வானளந்த வள்ளல் உயிர்க்காற்றின் தாய் கடம்பவேலர் திருநகர் என்பது புதுப்பெயர். இடைவெளிகளை விட்டு எண்ணினால் நாற்பத்து நான்கு எழுத்து. பழைய பெயரை எழுதுவதும் சொல்லுவதும் குற்றம் என்று ஒரு பின்னிணைப்பும் சேர்த்தார்கள். முதலில் அதற்குக் கைதூக்கியவர், தலைவர் எழும்வரை அவர் நாற்காலியில் அமரவிருந்த துணைத்தலைவர் சொக்கேசர். பலகைகள், குழாய்கள், கழிப்பறைக் கதவுகள் எல்லாம் புதுப்பெயர் பூண்டன.

ஊர்நெஞ்சத்தைப் பராமரிப்பவள் இளவெயினி. முப்பத்தைந்து வயது. அவள் கணவன் அமுதவாணனும் அந்தப் பருவத்தில் உறைந்து தொங்கப் போகிறவன். பை எண் இருநூற்றெட்டு. இயந்திரத்தின் நெற்றியில் புதுப்பெயரைப் பொறிக்கும்படி ஆணை வந்ததும் அவள் துணைத்தலைவரிடம் போனாள்.

"நெத்தியில மட்டும் மாத்தினா போதாதுங்கய்யா. ஏட்டுத் தலையிலயும் மாத்தணும். அங்க முப்பத்திரண்டு எழுத்துக்குத்தான் எடம். பேரைச் சுருக்கிக் குடுங்க."

"அந்த ஏடு எங்கம்மா இருக்கு?"

"பெட்டிக்குள்ள."

"வெளியில இருந்து பார்த்தாத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப யாருக்காக மாத்தணும்ங்கற?"

அவள் எழுத்தில் விண்ணப்பித்தாள். விண்ணப்பத்தின் தலைப்பில் பழைய ஊர்ப்பெயர் அச்சாகியிருந்ததால் அது படிக்கப்படாமல் திரும்பி வந்தது. நெற்றிப்பெயரை மாற்றும் திறவுகோல் துணைத்தலைவரின் கழுத்தில் தொங்கியது. அதைக் கொண்டு அவரே பெயரைப் பொறித்து, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார். பதினொரு மாதம் ஊர்நெஞ்சம் கண்மூடவில்லை. ஆகவே பெயரை ஒப்பிடவும் இல்லை. ஒரு தீங்கும் நேரவில்லை. நேராத தீங்கைச் சான்றாகக் காட்டி, இளவெயினி ஒரு பீதிக்காரி என்று சபைக் குறிப்பில் ஏற்றினார்கள். எழுச்சிநாளுக்கு முந்தின நாளும் அவள் போய் நினைவூட்டினாள். விழா நேரத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று விடைவந்தது.

எழுச்சிநாள் விடிந்தது. ஆண்டவனைத் துயிலெழுப்பப் பாடும் பண்ணில், ஆண்டவன் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் கடம்பவேலரைச் செருகி, ஒன்றாம் எண் பையின் முன் சபையார் பாடினார்கள். பை அசையவில்லை. காலை ஆறு மணிக்குப் பைகள் தாமாகவே வெதுவெதுக்கத் தொடங்கின. அது வெறும் கடிகார ஏற்பாடு. அறுநூற்றுப் பதினொரு உடல்களும் பாதி இளகி நின்றன. அந்த நிலையில் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் உடல், பால் திரிவதுபோலத் திரியும். மறுபடி உறையவைக்கவும் இயலாது.

ஊர்நெஞ்சத்தை நிறுத்தித் துடைத்து எழுப்பினார்கள். திரையில் பன்னிரண்டு வரிகள் தோன்றின. முதல் வரி, 'என் ஏடுகள் எவையும் காணப்படவில்லை' என்று சொல்லிற்று. சபையார் அவ்வளவே படித்தார்கள். அதற்குமேல் படித்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இலர்.

"ஏடெல்லாம் போச்சு" என்றார் ஓர் உறுப்பினர், நாற்காலியில் சாய்ந்து.

"யாரோ திருடிட்டாங்க" என்றார் மற்றொருவர்.

எட்டு ஏடுகளும் அவர்கள் மூக்குக்கு நேரே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தன.

நுட்பத்துறைக்குத் தலைவர் ஒருவர் உண்டு. பெயர் மணவாளன். சொக்கேசரின் மனைவிக்குத் தம்பி என்பது அவருடைய கல்வித்தகுதி. அவர் சால்வையோடு முன்னே வந்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார்.

ஒருமுறை செய்தார்கள். நிறுத்தி எழுப்ப ஒரு மணி நேரம் பிடித்தது. அதே பன்னிரண்டு வரிகள்.

"இன்னொரு தடவை. இந்தத் தடவை கொஞ்சம் நிதானமா."

நிதானமாகச் செய்தார்கள். இன்னொரு மணி போயிற்று. மூன்றாம் முறைக்கு முன் ஏடுகளை உருவி, சால்வை நுனியால் துடைத்து, மறுபடி செருகினார் மணவாளன். அதுவும் பயன்படாதபோது மடியிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். பூமியில் எந்த நூற்றாண்டிலோ, எந்த ஊரிலோ, எந்தக் கோளாறுக்கோ எவனோ எழுதிவைத்த கட்டளைகளின் படி அது. அடியில், 'எனக்கு இது வேலை செய்தது, நன்றி' என்று வேறொருவன் எழுதிய ஒற்றை வரி. அந்த வரியை நம்பியே தலைமுறை தலைமுறையாக அதைப் படியெடுத்து வந்தார்கள். எவரும் பொருள் கேட்டதில்லை. மறையோதுவதுபோல மணவாளன் ஒவ்வொரு கட்டளையாக உள்ளிட்டார். மறையை ஓதுகிறவனுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் உள்ளத்தில் பக்தியாவது இருக்கும். இவரிடம் இருந்தது வியர்வை.

காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் சூசை, ஏணியின் மேல் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். இளவெயினிக்கு நெடுநாள் நண்பன். வாய் சும்மா இராதவன்.

"வெயினி, பன்னெண்டு வரி இருக்கு. ஒருத்தரும் ரெண்டாவதுக்குப் போகல. நீயாவது சத்தமாப் படியேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆள் வேணும்போல."

காவலர் தடுத்த கயிற்றுக்கு அப்பால் காலையிலிருந்து நின்றிருந்தாள் அவள். நான்கு முறை கையுயர்த்தியும் எவரும் அழைக்கவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஐந்து மணி நேரம் கரைந்துவிட்டது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"இரண்டாம் வரி" என்று தொடங்கினாள். "எட்டு ஏடுகள் உள்ளன, எட்டும் நலமாக உள்ளன. மூன்றாம் வரி, அவை செம்மணற்குடி என்னும் ஊருக்கு உரியவை."

"ஏம்மா, அந்தப் பேரைச் சொல்லக்கூடாதுன்னு தெரியாது?" என்றார் சொக்கேசர்.

"நான் சொல்லலைங்கய்யா, மெஷின் சொல்லுது. நாலாவது வரி: என் பெயர் வேறு. ஆதலால் பிறர் ஏடுகளை நூற்றிருபத்தேழாம் கிடங்கில் பத்திரப்படுத்தியுள்ளேன்." அவள் திரும்பினாள். "ஒண்ணும் தொலையல. ஏடெல்லாம் அடுத்த ஊர்க்காரங்களதுன்னு நெனச்சுக்கிட்டு எடுத்து வச்சிருக்கு. நெத்தியில பழைய பேரை ஒரே ஒரு தடவை எழுதிட்டு எழுப்புங்க. எல்லாம் சேர்ந்துக்கும். ஆளுங்க எழுந்தப்புறம் உங்க இஷ்டம். திறவுகோல் உங்க கழுத்துல இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை."

அறுநூற்றுப் பதினொரு உயிரின் தீர்வு தம் கழுத்தில் தொங்குகிறது என்று கேட்டும் சொக்கேசர் கழுத்தைத் தொடவில்லை. சட்டையைத் தொட்டு மேல்பொத்தானைப் பூட்டினார்.

"தலைவர் கண்ணு முழிக்கிற நேரத்துல ஊர் நெத்தியில அவரு பேரு இல்லேன்னா, அழிச்சது யாரும்மா? நீயா? நானில்ல? ஏட்டுத் தலையில புதுப்பேரை எழுத முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

"கண்ணாடியில சுட்டு எழுதறது அது. ரெண்டே வரிக்குத்தான் எடம். முதல் வரி ஊரை ஆரம்பிச்சவங்க எழுதினது. ரெண்டாவது எழுதினா முதலாவது செல்லாது. மூணாவது கிடையாது. அதுவும் முப்பத்திரண்டு எழுத்துத்தான். உங்க பேரு நாப்பத்தி நாலு. அதை எழுதவே எழுதாதீங்க."

"நீ எழுத மாட்டேன்னா எழுத ஆள் இருக்கு. மாப்ளே."

மணவாளன் எழுதினார். இளவெயினி குறுக்கே பாய்ந்தாள். இரண்டு காவலர்கள் அவளைத் தோளில் பிடித்து நிறுத்தினார்கள். எட்டு ஏடுகளிலும் எழுத்துச் சுடும் ஒளி ஒவ்வொன்றாக ஓடி அணைந்தது. எவ்வளவு இடம் என்று மணவாளன் பார்க்கவில்லை. முடிந்தது என்று திரை சொன்னதும் அவர் கைதட்டினார், சபையும் கைதட்டியது.

ஊர்நெஞ்சத்தை மறுபடி எழுப்பினார்கள். மறுபடி பன்னிரண்டு வரிகள். இம்முறை இளவெயினி காவலர் கைகளை உதறிக்கொண்டு திரையருகே வந்தாள். அவளே படித்தாள். ஏட்டின் தலைக்குறி முப்பத்திரண்டாம் எழுத்தோடு அறுந்திருந்தது. நெற்றியிலோ நாற்பத்து நான்கு. இரண்டும் ஒன்றல்ல, ஆகவே பிறர்பொருள், ஆகவே நூற்றிருபத்தேழாம் கிடங்கு. பழைய பெயரோ இனி ஏட்டில் செல்லாது. காலையில் திறந்திருந்த கதவை ஐந்து நொடியில் சுவராக்கியிருந்தார் நுட்பத்துறைத் தலைவர்.

"ஏட்டுல என்னதான்டா இருக்கு இப்ப?" என்றார் சொக்கேசர்.

மணவாளன் திரையை நெருங்கிப் படித்தார். "செம்புழுதி வென்ற பெருந்தகை. வானளந்த வள்ளல். உயிர்க்காற்றின் தாய்." நிறுத்தினார்.

"மேல படி."

"அவ்வளவுதான் மாமா."

"தலைவர் பேரு எங்க?"

"பட்டமெல்லாம் முன்னாடி ஏறி உக்காந்துக்கிச்சு. பேருக்கு எடமில்ல."

எண்ணிப் பார்த்தார்கள். உண்மைதான். மூன்று பட்டங்களும் சேர்ந்து சரியாக முப்பத்திரண்டு எழுத்தை நிரப்பியிருந்தன. அவற்றைத் தாங்கப் பிறந்த மனிதர் ஏட்டுக்கு வெளியே நின்றார்.

"இனி ஒரு வழிதான்" என்றாள் இளவெயினி. "ஏட்டுல இருக்கறது மாறாது. நெத்தியில இருக்கறதை அதுக்குத் தக்கபடி வெட்டணும். கடைசிப் பன்னெண்டு எழுத்தை எடுத்துடுங்க."

அந்தப் பன்னிரண்டு எழுத்து, கடம்பவேலர் திருநகர். சபை அவசரமாகக் கூடியது. மணி ஒன்றரை. வெதுப்பறையின் கண்ணாடிக்கு அப்பால் பைகள் வரிசையாகத் தொங்க, அவற்றுக்கு முதுகைக் காட்டியபடி ஐந்து உறுப்பினர்களும் அமர்ந்தார்கள்.

"முன்னாடி ஒரு பட்டத்தை எடுத்துட்டுப் பேரை வச்சுக்கலாமே" என்றார் ஒருவர்.

"ஏட்டுல உள்ளதோட சேராது" என்றாள் இளவெயினி.

"எந்தப் பட்டத்தை எடுக்கச் சொல்றீங்க நீங்க?" என்று சீறினார் வேறொருவர். "தாயை எடுக்கவா? உங்களுக்குத் தாய் இல்லையா?"

"பேரை எடுக்கற அதிகாரம் நமக்கு ஏது? பேருக்குரியவர்தான் சொல்லணும். அவரைக் கேட்ருவோம்."

"கேக்கலாம். எழுப்பினாத்தானே கேக்க முடியும்?"

"எழுப்புங்க."

"பேரை எடுத்தாத்தான் எழுப்ப முடியும்."

"அதான் சொல்றேன், அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க."

இந்த வட்டத்தை அவர்கள் ஏழுமுறை சுற்றினார்கள். செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டவேண்டும். இவர்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. முடிவில், ஆராய்ந்து ஒரு வாரத்தில் அறிக்கை தரும்படி உட்குழு ஒன்றை அமைத்துவிட்டுத் தேநீர் கேட்டார்கள்.

மணி மூன்று. இளவெயினி எழுந்து கண்ணாடியருகே போனாள். இருநூற்றெட்டாம் பை இரண்டாம் வரிசையில் இருந்தது. அமுதவாணனின் இமைகளின் மேல் பனி இளகி நீராய் நின்றது. அது வழிந்து கன்னத்தில் இறங்கியபோது அவன் அழுவதுபோல் இருந்தது. உயிரில்லாதவன் அழுவதையும் உயிருள்ளவர்கள் தேநீர் குடிப்பதையும் ஒரே கண்ணாடியில் அவள் கண்டாள். திரும்பி வந்து துணைத்தலைவரின் எதிரே, தரையிலேயே அமர்ந்தாள்.

"ஐயா, மூணு மணி நேரம் இருக்கு. என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு. உங்க மகளும் உள்ளதான் இருக்கு. எண் நானூத்திப் பதினாலு. நான் இப்பத்தான் பார்த்தேன், அது முகம் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு."

சொக்கேசர் கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. "நான் மட்டும் அப்பன் இல்லையாம்மா? எனக்கு நோகாதா? ஆனா நாளைக்கு அவரு எந்திருச்சு, எம் பேரை வெட்டினவன் எவன்னு கேட்டா, எம் பொண்ணு வந்து பதில் சொல்லுமா?"

தந்தையாகவும் இருந்தார், துணைத்தலைவராகவும் இருந்தார். இரண்டில் எது மற்றதைத் தின்றது என்பதில் ஐயமில்லை.

ஏணிமேல் சூசை தன் திருகுச்சாவியைக் கருவிப்பையில் போட்டான். "நீ ஏன் வெயினி அவரைப் போட்டுப் படுத்தற? ஏட்டுல யாரு பேரும் இல்ல. வெறும் பட்டம், வாடகை வீடு மாதிரி. நாளைக்கு நான் அந்த நாற்காலியில ஏறி உக்காந்தா, உயிர்க்காற்றின் தாய் நான்தான். குழாயைப் பழுது பாக்குறவனுக்கு அது பொருத்தமாவும் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். சொக்கேசர் சிரிக்கவில்லை. தேநீர்க் குவளை உதட்டுக்கும் மேசைக்கும் நடுவே நின்றது.

"இரு" என்றார். "மாப்ளே, ஏட்டுல இருக்கறதை இன்னொரு தடவை படி. நிறுத்தி நிறுத்திப் படி."

மணவாளன் படித்தார். செம்புழுதி வென்ற பெருந்தகை. சொக்கேசர் முதுகை நிமிர்த்தினார். வானளந்த வள்ளல். மேல்பொத்தானைக் கழற்றினார். உயிர்க்காற்றின் தாய்.

"யார் பேரும் இல்ல?"

"இல்ல மாமா."

"அந்த எடத்துல யாரு இருக்காங்களோ அவங்களைக் குறிக்கும்?"

மணவாளன் அக்காள் கணவரின் முகத்தைப் பார்த்தார். நுட்பத்தில் மந்தமானவர், இதில் மின்னல். "அப்படித்தானே மாமா அர்த்தம் ஆகுது."

ஒன்பது மணி நேரம் நகராத சபை ஒன்பது நிமிடத்தில் இரண்டு தீர்மானம் நிறைவேற்றியது. முதலாவது, அறுநூற்றுப் பதினொரு இன்னுயிர்களைக் காக்கும் பொருட்டு ஊர்ப்பெயரின் இறுதிப் பன்னிரண்டு எழுத்தைக் கனத்த நெஞ்சோடு நீக்குவது. இரண்டாவது, பட்டங்கள் தனிமனிதருக்கு உரியவை அல்ல, தலைமை நாற்காலிக்கு உரியவை. அதில் தற்சமயம் அமர்ந்திருப்பவரையே சாரும். தாயை எடுக்கலாகாது என்று சீறிய உறுப்பினரே இரண்டாவதை முன்மொழிந்தார். அவர் குரலில் அதே சீற்றம், அதே ஈரம் இருந்தது. அத்தனை ஆண்டுகளில் அவர் எவரிடமாவது பற்றுவைத்திருந்தார் என்றால் அது அந்த நாற்காலியின் நான்கு கால்களிடம்தான்.

சொக்கேசர் கழுத்திலிருந்து திறவுகோலை எடுத்தார். நெற்றியில் பன்னிரண்டு எழுத்துகள் அழிந்தன. ஊர்நெஞ்சம் கண்மூடித் திறந்தது. நெற்றியில் முப்பத்திரண்டு, ஏட்டில் முப்பத்திரண்டு. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 'என் ஏடுகள் எட்டும் சேர்ந்தன.' மணி நான்கரை. கடைசியில் எல்லோரும் முழுதாகப் படித்த செய்தி அது ஒன்றே. அது ஒரு வரியே இருந்தது.

இளவெயினி கண்ணாடியில் நெற்றியை அழுத்தியபடி நின்றாள். வரிசை வரிசையாகப் பைகள் துடித்தன. இருநூற்றெட்டில் முதலில் ஒரு விரல் அசைந்தது, பிறகு தொண்டை. அவள் அப்போதுதான் அழுதாள். சூசை ஏணியிலிருந்து இறங்கி வந்து எண்ணெய்க் கறை படிந்த துண்டை நீட்டினான்.

அடுத்த ஒரு மணி நேரம் ஊர் முழுவதும் சுரண்டும் ஓசை கேட்டது. பலகைகளில் பன்னிரண்டு எழுத்தைச் சுரண்டினால் போதுமானதாக இருந்தது. படங்களில் முகத்தை மட்டும் மாற்றினார்கள். மாலை அப்படியே பொருந்தியது. வாழ்த்துப்பாவில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மேடை, விளக்கு, கைதட்ட வேண்டிய இடங்கள் எல்லாம் முன்பே ஆயத்தமாக இருந்தன.

எழுந்தவர்களைப் போர்வை சுற்றிப் பொது மண்டபத்தில் அமர்த்திச் சூடான கஞ்சி கொடுத்தார்கள். இளவெயினி கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து குவளையைப் பிடித்துக் குடிக்கவைத்தாள். அவன் பற்கள் தந்தியடித்தன.

"ஏன் கண்ணெல்லாம் வீங்கியிருக்கு?" என்றான். "ஏதாவது பிரச்சினையா?"

"பேரு கொஞ்சம் நீளமாப் போச்சு. வெட்டிட்டோம். குடிங்க."

"எந்தப் பேரு?"

"யாருக்கும் அது இப்ப ஞாபகம் இல்ல. ஆறுறதுக்குள்ள குடிங்க."

அவர்களுக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்தார் கடம்பவேலர். முதலில் எழுந்தவர் அவர்தான், ஒன்றாம் எண். போர்வைக்குள் ஒடுங்கி, எவரும் வந்து காலில் விழாததை, உறைநீரின் மயக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். கஞ்சி ஊற்றிய பெண் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவு ஊற்றிவிட்டு நகர்ந்தாள். அவர் திரும்பத் திரும்ப வாயிலைப் பார்த்தார்; சபையார் அங்கே கூட்டமாக நின்றார்கள், ஆனால் முகங்கள் வேறு பக்கம் இருந்தன.

விளக்குகள் ஒளிர்ந்தன. முரசொலி எழுந்தது. ஒலிபெருக்கியில், பதினொரு மாதங்களுக்கு முன் அவரை வழியனுப்பிய அதே குரல், அதே ஏற்ற இறக்கத்தோடு தொடங்கியது.

"செம்புழுதி வென்ற பெருந்தகை."

கடம்பவேலரின் முகம் மலர்ந்தது. குவளையைக் கீழே வைத்தார்.

"வானளந்த வள்ளல்."

போர்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். இடப்பக்கம் ஒரு புன்னகை, வலப்பக்கம் ஒரு புன்னகை. மண்டபம் முழுவதும் எழுந்தது.

"உயிர்க்காற்றின் தாய்."

அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார். மண்டபம் அதிர்ந்தது. ஆனால் அந்த ஆயிரம் கண்களும் அவரைக் கடந்து, அவர் முதுகுக்குப் பின்னால் பக்கவாயில் வழியாக மாலையோடு நுழைந்த சொக்கேசர்மேல் போய்ப் படிந்தன. கடம்பவேலர் திரும்பினார். பார்த்தார். யாரோ அவர் போர்வை நுனியை மிதித்துக்கொண்டு முன்னே போனார்கள். உயர்த்திய கைகள் உயர்ந்தபடியே இருந்தன. அவற்றை அங்கிருந்து வெறுமனே இறக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கத் தொடங்குவதற்குமுன், முதலில் மெல்லவும் பிறகு எல்லோரையும்விட உரக்கவும், அவை ஒன்றோடொன்று மோதித் தட்டின.